ராத்திரி ஒரு மணி வரைக்கும் அவன் யாரோடு பேசுகிறான்?

கேள்வி: அக்கா, எனக்கு முக்கூடல் பக்கம். வீட்டில் பீடி சுத்துதேன். அவங்க அப்பா மெட்ராஸில் மளிகைக் கடையில் வேலை. மகனுக்கு இருபது வயசு, டிப்ளமோ இ.இ.இ. (எலக்ட்ரிக்கல் படிப்பு) முடிச்சு ஒரு வருஷம் ஆச்சு. ராத்திரி பத்து மணிக்கு ஹெட்செட்டை மாட்டினா ஒரு மணி வரைக்கும் போன்ல பி.ஜி.எம்.ஐ.ங்கற துப்பாக்கி ஆட்டம்தான். "ரஷ் பண்ணுல, கவர் குடுல"ன்னு ஒரே சத்தம். யாருடான்னா "என் கிளான்ல, சேர்ந்து ஆடுத குரூப்புல உள்ளவங்கம்மா"ங்கான். வேலைவெட்டி இல்லாத பயலுவளோட சேர்ந்து கெட்டுப் போவானோன்னு பயமா இருக்கு. இதுலயே சம்பாதிக்கப் போறேன்னு வேற சொல்லுதான். என்ன செய்யட்டும்? – பெயர் வேண்டாம்.

பதில்: தங்கச்சி, அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் கூட்டம் சேருகிறது என்றால், பகலில் அவர்களுக்கு வேறு சோலி இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

என் தங்கை மகன் வள்ளியூரில் இருக்கிறான், அவனுக்கும் இதே ஆட்டம்தான். எனக்கும் உங்களைப் போலவே சந்தேகம் வந்து, தீபாவளிக்கு வந்தவனை உட்கார வைத்து, கிளானில் யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று ஒவ்வொருத்தராகக் கேட்டேன். ஒருத்தர் சுரண்டைக்காரர், தி.நகரில் துணிக்கடையில் நிற்கிறார். காலையிலிருந்து ராத்திரி வரை நின்ற கால், கடை அடைத்து மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு ரூமில் படுத்துக்கொண்டே ஆடுகிறார். ஒருத்தர் துபாயில் ஏ.சி. மெக்கானிக், நமக்குப் பத்து மணி என்றால் அவருக்கு எட்டரைதான். ஒரு நர்ஸ் இருக்கிறாராம், டூட்டி இல்லாத ராத்திரி மட்டும் வருவார், பெண் குரல் கேட்டால் வெளியாட்கள் கண்டபடி பேசுவதால் மைக்கை ஆன் பண்ணவே மாட்டார். (இதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் வந்தது, அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.) ஒரு வாத்தியார் கூட உண்டு.

உங்க மகனுக்காக நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது பணகுடிக்கார அண்ணனைப் பற்றித்தான். அவர் கரண்ட் எடுக்கிற காத்தாடியில் சர்வீஸ் டெக்னீஷியன். படித்ததும் டிப்ளமோ இ.இ.இ. தான். வைகாசியில் காத்து சீசன் ஆரம்பித்தால் புரட்டாசி வரைக்கும் அவரை ஆட்டத்தில் பார்ப்பதே அபூர்வம், ஏனென்றால் அந்த நாலஞ்சு மாதத்தில் சுற்றுவதுதான் காத்தாடிக்காரர்களுக்கு வருஷத்து வருமானம், ஒன்று நின்றுபோனாலும் எந்நேரமும் போன் வந்துவிடும். பெல்ட்டை மாட்டிக்கொண்டு கோபுரத்துக்குள்ளே இருக்கிற ஏணியில் ஏற வேண்டும், இப்போது வருகிறவை எண்பது மீட்டருக்கும் மேல் உயரம். உச்சியில் இருக்கிற பெட்டிக்குள்தான் கியர்பாக்ஸ், ஜெனரேட்டர், சென்சார் எல்லாம். காத்து ஓர் அளவுக்கு மேல் அடித்தால் ஏறக் கூடாது, குறைகிறவரைக்கும் கீழே ஜீப்பில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். காத்து ஓய்ந்த மாதங்களில் ஆயில் மாற்றுவது, போல்ட்டு முறுக்குவது என்று மெயின்டனன்ஸ் வேலை. இதையெல்லாம் எந்தக் காலேஜ் வாத்தியாரும் என் தங்கை மகனுக்குச் சொல்லவில்லை, ஆட்டத்துக்கு நடுவில் ஓடுகிற ஓட்டத்தில் அந்த அண்ணன் சொன்னது.

அதனால் உங்க மகனிடம் "ஆடாதே" என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்க தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுற்றும்போது, அவன் பக்கத்தில் இருக்கிற நேரமாகப் பார்த்து, "ஒங்கூட ஆடுதவங்க என்ன வேலை பாக்காங்க?" என்று கேளுங்கள். கை வேலையில் இருந்துகொண்டு கேட்டால் விசாரணை மாதிரி இருக்காது, அவனும் வாயைத் திறப்பான். பாதிப் பேர் என்ன செய்கிறார்கள் என்று அவனுக்கே தெரியாமல் இருக்கலாம், அப்படி என்றால் போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். எப்படிச் சேர்ந்தார், ஆரம்பத்தில் என்ன சம்பளம், அவருடைய கம்பெனியில் அப்ரண்டிஸ் எடுக்கிறார்களா, இதெல்லாம். வெளியூரே போக வேண்டாம் என்றாலும் கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடாவின் சோலார் ஆலை இருக்கிறது, இ.இ.இ. படித்தவன் அந்தப் பக்கமும் விசாரிக்கலாம்.

அப்புறம், கேமிலேயே சம்பாதிப்பேன் என்கிறானே, அதற்கும் அதே கிளானில்தான் பதில் இருக்கிறது. என் தங்கை மகன் கூட்டத்தில் ஆட்டத்தால் நாலு காசு பார்ப்பவர் ஒரே ஒருத்தர், அவரும் ஆடிச் சம்பாதிக்கவில்லை. கல்யாண ஸ்டுடியோவில் வீடியோ எடிட் பண்ணுகிறவர், சீசன் இல்லாத மாதங்களில் யாரோ ஒரு யூடியூபருக்கு கிளிப் வெட்டிக் கொடுக்கிறார். சேனல் ஆரம்பித்தாலும் விளம்பரப் பணம் வர ஆயிரம் சப்ஸ்கிரைபரும் ஒரு வருஷத்துக்குள் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும், இல்லாவிட்டால் ஷார்ட்ஸில் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. இன்னொன்றும் அவனுக்கு ஞாபகப்படுத்துங்கள்: இதே ஆட்டத்தின் முந்தின வடிவமான பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள், 2021 ஜூலையில் வந்த பி.ஜி.எம்.ஐ.யும் 2022 ஜூலையில் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்பியது. அந்தப் பத்து மாதம் இதை மட்டுமே நம்பி இருந்தவன் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்? ஆசை இருந்தால் போட்டிக்குப் போகட்டும், இ-ஸ்போர்ட்ஸை அரசாங்கமே விளையாட்டாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு வேலையில் இருந்துகொண்டு போகட்டும், அவ்வளவுதான்.

ரெண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆட்டத்துக்குள்ளேயே தனி ரூம் வைத்து, காசு கட்டி உள்ளே போய் ஜெயித்தால் காசு என்று யாராவது நடத்தினால் அதில் சேரவே கூடாது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது, நடத்துகிறவனுக்கு மூன்று வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி வரை அபராதம். இன்னொன்று, கூட ஆடுகிறவன் யாராவது தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட் நாங்களே போடுகிறோம் என்றால் நம்பவே கூடாது. அப்படிப் போன நம்ம பிள்ளைகள் மியான்மரிலும் கம்போடியாவிலும் அடைபட்டு, அடி உதை வாங்கிக்கொண்டு ஆன்லைன் மோசடி வேலை செய்தது பேப்பரில் வந்ததுதான். வெளிநாட்டு வேலை என்றால் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க விடாதீர்கள்.

நேரத்துக்கு வருவோம். ஒரு மேட்ச் அரை மணி நேரம் ஓடும், நடுவில் நிறுத்த முடியாது, நாலு பேர் ஸ்குவாடில் ஒருத்தன் எழுந்து போனால் மற்ற மூன்று பேரும் மாட்டிக்கொள்வார்கள். நீங்க சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டு அவன் எரிந்து விழுவது பெரும்பாலும் இதனால்தான். அதனால் மேட்ச் தொடங்கும் முன்பே சாப்பாட்டை முடிக்கச் சொல்லுங்கள், பன்னிரண்டு மணிக்கு மேல் புது மேட்ச் கிடையாது என்று பேசி வையுங்கள். அந்தத் துணிக்கடை அண்ணனும் காலையில் கடை திறக்கப் போக வேண்டியவர்தான், அவரும் அந்நேரத்துக்குப் படுக்கத்தான் போவார்.