எந்தப் பத்து நாள்?

அம்மா, நேற்று போனில் "பத்து நாள் கெடு முடிஞ்சுபோச்சு, பொண்ணு படிப்பே போச்சு" என்று அழுதீர்கள். கெடு முடியவில்லை. காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு என்னோடு எண்ணுங்கள்.

மாணவர் அனுமதி நீட்டிப்பு விண்ணப்பத்தில் ஒரு தாள் குறைகிறது, 10 நாளில் கொடுக்கவும் என்று வந்த அறிவிப்பை உங்கள் மகள் மாட்ரிட்டில் ஏப்ரல் 30 வியாழனன்று திறந்தாள். ஸ்பெயினின் 39/2015 சட்டப்படி, அரசு அலுவலகம் வெறுமனே "நாள்" என்றால் அது 'தியாஸ் ஆபிலெஸ்', அதாவது வேலை நாள். சனி, ஞாயிறு, விடுமுறை சேராது. அறிவிப்பு கிடைத்த நாளும் சேராது. மே 1 தொழிலாளர் தினம், அடுத்து சனி, ஞாயிறு. ஆக மே 4 திங்கள்தான் முதல் நாள். மே 15 மாட்ரிட் நகரின் சான் இசித்ரோ திருநாள், அதுவும் கழியும். பத்தாவது நாள் மே 18 திங்கள். இன்று செவ்வாய், ஏழாவது நாள்தான் ஓடுகிறது.

சனிக்கிழமையும் கணக்கில் வரும் என்று அறைத்தோழி சொன்னாளாமே, அது பழைய விதி. 2016 அக்டோபரிலேயே மாறிவிட்டது.

ஆனால் எல்லாப் பத்து நாளும் இப்படியல்ல, இங்கேதான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். இணைய வழியில் வரும் அறிவிப்பைத் திறக்காமலே 10 நாள் விட்டால், அதை ஏற்க மறுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்தப் பத்து 'தியாஸ் நாத்துராலெஸ்', அதாவது காலண்டர் நாள். ஞாயிறும் பண்டிகையும் சேர்ந்தே ஓடும். அதனால் அவள் வாரம் இரண்டு முறையாவது அரசு மின்பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

படிப்பு முடிந்து வேலைக்குப் போனாலும் இதே கவனம் வேண்டும். ஆண்டு விடுப்பு குறைந்தது 30 நாள் என்கிறது தொழிலாளர் சட்டம். அது வாரக்கடைசியும் சேர்ந்த 30. நிறுவனம் ஒப்பந்தத்தில் விடுப்பை 'லபோராப்லெஸ்' (வேலை நாள்) என்று எழுதினால், சனிக்கிழமை அங்கே வேலை நாளா என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வேலையைவிட்டு நீக்கினால் எதிர்த்து வழக்குப் போட 20 வேலை நாள். ஆகஸ்டில் நீதிமன்றங்களின் பெரும்பாலான வேலை நின்றாலும் இந்தக் கெடு நிற்காது.

18 வரை இருக்கிறதே என்று அவளைக் காத்திருக்க விடாதீர்கள். நாளைக்கே தாளைச் சமர்ப்பித்து, தேதியும் நேரமும் உள்ள பதிவு ரசீதை உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.