வாசகர் கேள்வி பதில்: சேமலாப நிதிப் பணம் எத்தனை வயது வரை தாங்கும்?

கேள்வி: சீனக்குடாவில் ஆலை ஒன்றில் வேலை பார்த்து 60 வயதில் ஓய்வு பெற்றேன். ஊழியர் சேமலாப நிதியில் 40 இலட்சம் ரூபா கிடைத்தது. மனைவிக்கு 54 வயது. வங்கியில் போட்டு மாதம் 40,000 எடுத்தால் காலம் ஓடிவிடும் என்கிறான் மகன். சரியா? (உவர்மலை வாசகர்)

பதில்: 8% வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 40,000 என்பதை ஒரு சதமும் கூட்டாமல் எடுத்தாலே சுமார் 13 ஆண்டில் கணக்கு வெறுமையாகிவிடும். விலைவாசிக்காக ஆண்டுதோறும் 6% கூட்டி எடுத்தால் ஒன்பது ஆண்டைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அப்போது உங்களுக்கு 69, மனைவிக்கு 63.

இலங்கையின் சராசரி ஆயுள் எழுபதுகளில்தானே என்று பலர் அதையே எல்லையாகப் பிடிக்கிறார்கள். அது பிறப்பிலிருந்து எடுத்த சராசரி. இளவயதில் இறந்தவர்களும் அதற்குள் அடக்கம். 60ஐத் தாண்டியவருக்கு எதிர்பார்ப்பு அதைவிடக் கூட. எந்தச் சராசரியையும் பெருந்தொகையானோர் தாண்டத்தான் செய்வார்கள். ஆகவே கணக்கை உங்கள் வயதில் அல்ல, மனைவியின் வயதில் போடுங்கள். முதலாண்டில் மாதம் 15,000, பிறகு ஆண்டுதோறும் 6% கூடுதல் என்று எடுத்தால் ஏறத்தாழ 30 ஆண்டு வரும். மனைவிக்கு அப்போது 84.

வட்டியை மட்டும் தின்றால் முதல் கரையாதே என்பீர்கள். மாதம் 26,600 வரும், உண்மைதான். ஆனால் 6% விலையேற்றத்தில் 12 ஆண்டில் அதன் வாங்கும் சக்தி பாதியாகும். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

முழுத் தொகையையும் ஒரே நிறுவனத்தில் வைக்காதீர்கள். வங்கி முறிந்தால் பணத்தைத் திருப்பித் தரும் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். வட்டியில் 10% வரி பிடிப்பார்கள். ஆண்டு வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம்.

கேள்வி: 40 இலட்சம் கட்டினால் மாதம் 30,000 ஓய்வூதியம் என்கிறார் காப்புறுதி முகவர். வாங்கலாமா? (பாலையூற்று வாசகர்)

பதில்: முதலில் ஒன்றைக் கேளுங்கள்: ஆயுள் முழுக்கவா, குறித்த ஆண்டுகளுக்கா? ஓய்வூதியம் என்ற பெயரில் 10, 15, 20 ஆண்டுகளோடு நிறுத்துபவையும் உண்டு. அது உங்கள் பணத்தையே தவணையாகத் திருப்பித் தருவது. நீண்ட காலம் வாழ்ந்தால் வரும் அபாயத்துக்கு அதில் காப்பில்லை.

ஆயுள் முழுக்க என்றால், 30,000 படி கட்டிய முதல் திரும்பிவர 11 ஆண்டு ஒரு மாதம் செல்லும். அதற்குமுன் நீங்கள் இறந்தால் என்ன நடக்கும் என்பதைப் பத்திரத்திலேயே வாசியுங்கள். 10 ஆண்டு உத்தரவாதக் காலம் இருந்து அதற்குள் இறந்தால், அந்தப் 10 ஆண்டின் மிச்சத் தவணைகள் வாரிசுக்குப் போகும். கணவன் மனைவி இருவர் ஆயுளுக்கும் சேர்த்து எடுத்தால் மாதத் தொகை குறையும், மனைவி இளையவராயின் இன்னும் குறையும். ஆனாலும் தனியாள் திட்டத்தை எடுத்துவிட்டு மனைவியை வெறுங்கையோடு விடுவதைவிட அது மேல். தொகை ஆண்டுதோறும் கூடுமா என்பதும் முக்கியம். எல்லாப் பணத்தையும் இதில் போடாதீர்கள். அரிசி, மருந்து, மின்கட்டணம் போன்ற அடிப்படைச் செலவுக்கு எவ்வளவு வேண்டுமோ அதற்கு மட்டும் வாங்குங்கள். கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது.

கேள்வி: எல்லோரும் நூறு வயது வாழ்ந்தால் ஆயுள் முழுக்க ஓய்வூதியம் தரும் காப்புறுதி நிறுவனம் என்ன செய்யும்? (கிண்ணியா மாணவி)

பதில்: ஒருவர் முந்தி இறப்பதும் இன்னொருவர் பிந்தி இறப்பதும் பல்லாயிரம் பேரில் சமப்பட்டுவிடும். முந்தி இறந்தவரின் மிச்சம் பிந்தியவருக்குப் போகிறது. இது தனியொருவர் வங்கிப் புத்தகத்தால் ஆகாத காரியம். சிக்கல், எல்லோருமே கணித்ததைவிட நீண்டு வாழும்போதுதான். பிரிட்டனின் ஈக்விட்டபிள் லைஃப் என்ற காப்புறுதி நிறுவனம் பழைய பொலிசிகளில் உறுதியளித்த ஓய்வூதிய வீதம், வட்டி இறங்கி ஆயுளும் கூடியதால் பெருஞ்சுமையானது. 2000 டிசெம்பரில் அது புதிய வாடிக்கையாளரை ஏற்பதை நிறுத்தியது. இன்று பெரிய ஓய்வூதிய நிதிகள் இந்த அபாயத்தை வேறு நிறுவனங்களுக்கு மாற்றிவிடுகின்றன. 2014இல் பிரிட்டிஷ் டெலிகொம் ஓய்வூதிய நிதி 1,600 கோடி பவுண் அளவான பொறுப்பின் ஆயுள் அபாயத்தை அமெரிக்காவின் புரூடென்ஷியல் காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றியது. நிதி புரூடென்ஷியலுக்கு நிலையான தொகையைச் செலுத்தும். ஓய்வூதியர் எதிர்பார்த்ததைவிட நீண்டு வாழ்ந்தால் மேலதிகச் செலவு புரூடென்ஷியலுடையது.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற அரச ஆசிரியை. எனக்கும் இந்தக் காப்புறுதி ஓய்வூதியம் வேண்டுமா? (மூதூர் வாசகி)

பதில்: வேண்டாம். அரச ஓய்வூதியம் ஆயுள்வரை வரும். உயிர்வாழ் சான்றிதழை ஆண்டுதோறும் பிரதேச செயலகத்தில் நேரத்துக்குக் கொடுங்கள். பிந்தினால் கொடுப்பனவு தடைப்படும்.