நாய்க்கு இருந்த லைசென்ஸ்

வணக்கம் ஐயா,

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். ஈப்போவில் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்த்தேன். ஆள்குறைப்பில் வேலை போய்விட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் தூரமாகவும் போக முடியாது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கோல்டன் ரிட்ரீவரை மாலையில் நடக்கக் கூட்டிப் போக ஆரம்பித்தேன். இப்போது இன்னும் மூன்று வீட்டில் கேட்கிறார்கள். அதில் ஒன்று ஹஸ்கி, ஆளையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இதையே தொழிலாகச் செய்யலாம் என்று ஆசை. செண்டிரியான் பெர்ஹாட்டாக, அதாவது தனியார் நிறுவனமாக, பதிய வேண்டுமா? நகராண்மைக் கழக லைசென்ஸ் தேவையா? நாய் யாரையாவது கடித்தால் என்ன செய்வது? மலாய்க்கார அண்டை வீட்டாரை நினைத்தாலும் கொஞ்சம் பயம். நல்ல ஆங்கிலப் பெயரும் லோகோவும் யோசித்து வைத்திருக்கிறேன். தெரிந்தவர்களிடம் காசு கேட்கக் கூச்சமாக இருப்பதால் முதல் ஆறு மாதம் சும்மாவே செய்து பெயர் எடுக்கலாம் என்றிருக்கிறேன். அம்மாதான் "நாய் மேய்க்கவா உன்னை டிப்ளோமா படிக்க வெச்சேன்" என்று சொல்லிவிட்டு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

செண்டிரியான் பெர்ஹாட் வேண்டவே வேண்டாம். பதியவே ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்). அதற்கு மேல் கம்பெனிச் செயலாளர், ஆண்டறிக்கை என்று செலவு வந்துகொண்டே இருக்கும். நாலு நாயை நடத்த அவ்வளவு ஜோடனை எதற்கு? தனியாள் வணிகமாகப் பதிந்தால் போதும். 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டப்படி தொழில் தொடங்கி 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். பதியாமல் நடத்தினால் 50,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ உண்டு. யாரும் வந்து பிடிக்கப் போவதில்லை என்று உங்கள் தாமானில் நாலு பேர் சொல்வார்கள். அவர்கள் பேச்சை விடுங்கள். அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு வணிகப் பெயர் வைத்தால் 60. ஒரே தடவையில் ஐந்து ஆண்டு வரைக்கும் கட்டிவிடலாம். ஈஸிபிஸ் தளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம், இல்லையென்றால் ஈப்போ அலுவலகத்துக்குப் போய்வரலாம். நீங்கள் உங்கள் சொந்தப் பெயரிலேயே பதியுங்கள். 30 வெள்ளி மிச்சமாகிறதே என்று சொல்லவில்லை, காரணம் கீழே வருகிறது. லோகோவுக்கு இப்போது என்ன அவசரம்?

எஸ்.எஸ்.எம். சான்றிதழ் வேறு, நகராண்மைக் கழக லைசென்ஸ் வேறு. இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர்களை நான் பார்த்ததில்லை. உங்கள் ஊர் கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்குள் வருகிறது. நாயை அதன் வீட்டில் வாங்கி அதன் வீட்டிலேயே விடுகிற வரைக்கும் உங்களுக்குக் கடை என்று ஒன்று இல்லை. ஆனாலும் லைசென்ஸ் பிரிவுக்கு ஒரு தடவை நேரில் போய்க் கேட்டுவிடுங்கள், பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதலாளி ஊருக்குப் போகிறார் என்று நாயை உங்கள் வீட்டில் இரவு தங்க வைக்கும் அன்றைக்குக் கதை மாறிவிடும். வீட்டின் அளவைப் பார்த்து இத்தனை நாய்தான் என்று பல ஊராட்சிகளில் வரம்பு இருக்கிறது. விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் தொழில் என்று ஆனால் கால்நடை சேவைத் துறையிடமும் போக வேண்டும். அந்தப் பேராசை இப்போதைக்கு வேண்டாம்.

சரி. இனி என்னைக் கோபப்படுத்திய வரிக்கு வருகிறேன். "ஆறு மாதம் சும்மா."

க., உங்களை நேரில் பார்த்தால் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பேன். நம் பிள்ளைகளுக்கு இந்தச் சும்மா எங்கிருந்துதான் ஒட்டிக்கொள்கிறதோ! சில மாதங்களாக இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் எழுதிவிட்டீர்கள். கல்யாண வீட்டில் படம் பிடிக்கிறவன் சும்மா பிடிக்கிறான், டியூஷன் எடுக்கிறவள் சும்மா எடுக்கிறாள், கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன் சும்மா கட்டுகிறான். கேட்டால் "தெரிஞ்சவங்கதானே" என்கிறார்கள். தெரிந்தவர்கள் மளிகைக் கடையில் சும்மா சாமான் வாங்குகிறார்களா?

எங்கள் சித்தப்பா பால்மரம் வெட்டினவர், ரப்பர் பால் எடுக்கும் வேலை. 1970களின் தொடக்கம், உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டம்தான். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் மத்தியானம் ஆகிவிடும். சாயங்காலம் தோட்ட மேலாளரான பெரிய துரையின் இரண்டு அல்சேஷன் நாய்களை நடத்திக்கொண்டு போவார். யாரும் வேலைக்கு வைக்கவில்லை. துரை ஒரு நாள் கூப்பிட்டார், இவர் போனார், அப்படியே நிலைத்துவிட்டது. தோல்வாரை இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடிப்பார். அந்த இடத்தில் முடி முளைக்காத ஒரு வளையம் விழுந்திருந்தது. கூலி என்று கேட்டால், மாதக் கடைசியில் பங்களா அம்மா கையில் ஏதாவது வைப்பார். சில மாதம் காசு, சில மாதம் பிஸ்கட் டின், ஒரு தடவை துரையின் பழைய பூட்ஸ். அது அவருக்கு இரண்டு விரல்கடை பெரிது. தீபாவளிக்குத் துணி அடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் அதில் ஒரு நாய் அவர் முன்கையைக் கடித்துவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் தையல் போட்டார். உளி பிடிக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்த நாளுக்கெல்லாம் சம்பளம் வெட்டு. நாய் கடித்ததற்குத் தோட்டம் எப்படிப் பொறுப்பாகும் என்று தோட்டத்துக் கணக்கர் கிராணியார் கேட்டார். சித்தப்பாவுக்கு அதில் துளி வருத்தம் இல்லை. "அதுக்கு என்ன தெரியும், வாயில்லா ஜீவன்" என்றார். எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது அந்த நாயின் கழுத்துப்பட்டைதான். அதில் நம்பர் அடித்த ஒரு சின்னத் தகடு தொங்கும், நாய் லைசென்ஸ். நாய்க்கு நம்பர் இருந்தது, பதிவு இருந்தது, ஈப்போவில் டாக்டர் இருந்தார். நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கைராசியான ஆள் என்று சொல்லி அவரைப் பால்வெட்டிலிருந்து எடுத்து முழுநேரமும் பங்களாவில் போட்டார்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லோருக்கும் பொறாமை. வெயிலில் நிற்க வேண்டாம், கொசுக்கடி இல்லை. ஆனால் பங்களா ஆளுக்குச் சம்பளம் துரையின் சொந்தக் கையிலிருந்து. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் அவர் பெயர் அடிக்கப்பட்டது. ஊழியர் சேமநிதியான இ.பி.எப். 1951லிருந்து நாட்டில் இருக்கிறது, ஆனால் வீட்டு வேலையாளை அதில் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பான சொக்சோவும் வீட்டு வேலையாளுக்கு 2021 ஜூனில்தான் வந்தது. துரைகள் மாறினார்கள், நாய்கள் மாறின, சித்தப்பா மாறவில்லை. 80களில் தோட்டம் கைமாறி ஆள்குறைப்பு வந்தது. 1980ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். பால் வெட்டினவர்கள் வரிசையில் நின்று கைநாட்டு வைத்து வாங்கிப் போனார்கள். சித்தப்பாவும் வரிசையில் நின்றார். செக்ரோலைப் புரட்டிப் பார்த்துவிட்டு "உன் பேரு இல்லையேப்பா" என்றார்கள். அப்போதும் அவர் சண்டை போடவில்லை. யாரோடு போடுவது? வேலை செய்ததற்கு ஒரு சீட்டு கிடையாது, சாட்சிக்கு இரண்டு நாய் இருந்தது, அதுகளும் செத்துப்போயிருந்தன.

இப்போது தெரிகிறதா, உங்கள் பெயரிலேயே பதியச் சொன்னது ஏன் என்று? அரசாங்கப் பதிவில் உங்கள் பெயரும் அதன் பக்கத்தில் இன்ன தொழில் என்பதும் ஏறட்டும். ஆங்கிலத்தில் ஆயிரம் பெயர் அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, சும்மா கிடையாது. ஆசிரியருக்கும் கிடையாது. அவரும் அரசாங்கச் சம்பளம் வாங்கிப் பென்ஷன் வாங்குகிறவர்தானே, கூலியின் அருமை தெரியாதவரா? எவ்வளவு கேட்பது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். குறைந்தபட்சச் சம்பளம் 2025லிருந்து மாதம் 1,700 வெள்ளி, அதை மணிக்கணக்காக வகுத்துப் பாருங்கள். பாத்திரம் கழுவும் ஆளுக்கே சட்டம் சொல்லும் கூலி அது. உங்களுக்குப் போகவர நேரம் இருக்கிறது, மோட்டார்சைக்கிள் எண்ணெய் இருக்கிறது, மழை நாள் இருக்கிறது, கடிபடும் ஆபத்து இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு சென் இறங்கினால் எனக்கு இனிமேல் கடிதம் எழுதாதீர்கள்.

ஒரு தாளில் ஒப்பந்தம் எழுதுங்கள், மலாயிலோ தமிழிலோ, இருவருக்கும் புரிகிற மொழியில். நாயின் லைசென்ஸ் நம்பர், தடுப்பூசி அட்டையின் நகல், முன்பு யாரையாவது கடித்திருக்கிறதா, எந்தக் கால்நடை மருத்துவர், அவசரத்துக்கு எவ்வளவு வரை நீங்கள் செலவு செய்யலாம், வீட்டுச் சாவி யாரிடம், வராத நாளுக்குக் காசு உண்டா. 2015இல் பினாங்கிலும் கெடாவிலும் பெர்லிஸிலும் வெறிநாய்க்கடி வந்ததை மறந்துவிட வேண்டாம். லைசென்ஸ் எடுக்காத நாயைத் தொடாதீர்கள், லைசென்ஸ் எடுப்பது உரிமையாளர் கடமை. கடித்தால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். வார் உங்கள் கையில் இருக்கும்போது கவனக்குறைவு என்றால் தண்டனைச் சட்டம் 289ஆம் பிரிவு உங்களையும் தேடி வரும். உரிமையாளர் உண்மையை மறைத்திருந்தால் அந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை. நாய்க்குக் கொடுமை என்றால் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டத்தில் அபராதம் தொடங்குவதே 20,000 வெள்ளியில், ஒரு லட்சம் வரை போகும். ஆகவே வெயிலில் காரில் பூட்டி வைப்பது போன்ற வேலையெல்லாம் கனவிலும் கூடாது.

சுயதொழில் செய்கிறவர்களுக்குச் சொக்சோவில் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி தனித் திட்டம் இருக்கிறது, மிகக் குறைந்த தட்டு ஆண்டுக்கு 157 வெள்ளி 20 சென். முதல் மாத வருமானத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். சித்தப்பாவுக்குத் தையல் போட்டபோது இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். வருமானம் சூடு பிடித்த பிறகு இ.பி.எப்.பிலும் விருப்பச் சந்தா கட்டலாம். கொடுத்த ரசீது, வாங்கிய ரசீது எல்லாவற்றையும் ஏழு ஆண்டுக்குப் பத்திரப்படுத்துங்கள், வரிக்காரர் கேட்பார்.

நகரத்தில் இருப்பவர்கள் யாரும் சொல்லாத ஒன்று. தாமானைத் தாண்டினால் செம்பனை, நிழலாக இருக்கிறதே என்று உள்ளே கூட்டிப் போகத் தோன்றும். போகாதீர்கள். எலிக்காக மரத்தடியில் மெழுகுக் கட்டி மாதிரி விஷம் வைத்திருப்பார்கள். கோல்டன் ரிட்ரீவர் கண்டதையும் வாயில் போடும் ஜாதி. தின்ற அன்றைக்கு வாலாட்டிக்கொண்டுதான் இருக்கும், சில நாள் கழித்து ஈறு வெளுத்து, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து படுத்துவிடும். தின்றதைப் பார்த்த உடனே மருத்துவரிடம் ஓடினால் விட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம். களைக்கொல்லி அடித்த வரிசையில் நடந்தால் பாதத்தை நக்கும், அதுவும் ஆபத்து. தார்ச்சாலை என்றால் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் சில நொடி வைக்க முடியாத சூட்டில் அது எப்படி நடக்கும்? காலை ஏழு, மாலை ஆறரைக்கு மேல், அவ்வளவுதான் உங்கள் கடை நேரம்.

மலாய்க்கார அண்டை வீட்டாரைப் பற்றிய பயம் தேவையில்லாதது. மரியாதை போதும். ஈர மூக்கு அவர்கள் மேல் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரில். அந்தச் சிரமத்தைக் கொடுக்காமல் வாரைச் சுருக்கிப் பிடித்து எதிர்ப்புறம் நடங்கள், தொழுகை நேரத்தில் சூராவ் (சிறு தொழுகை இல்லம்) இருக்கும் பாதையை விடுங்கள், கழிவை எடுக்கப் பை கொண்டு போங்கள். வாசலில் கிடந்தால் தமிழனுக்கும்தான் கோபம் வரும்.

அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் லயத்தில் வளர்ந்தவர் என்றே தோன்றுகிறது. அவர் கண்ணுக்குத் தெரிகிறது பங்களா நாய். நீங்கள் வாதாடி ஜெயிக்க மாட்டீர்கள். எஸ்.எஸ்.எம். சான்றிதழை எப்படியும் தொழில் நடக்கும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும், உங்களுக்கு அந்த இடம் வீடுதான். சாமி படத்துக்குப் பக்கத்தில் அவரையே ஆணி அடித்து மாட்டச் சொல்லுங்கள். பேசுவார்.

ஹஸ்கி விஷயம் விட்டுப்போனது. அது பனிவண்டி இழுத்த ஜாதி, இழுக்கத்தான் செய்யும். நெஞ்சுக்கு முன்னால் கொக்கி வைத்த உடற்பட்டை செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும். வாங்க வேண்டியது நாயின் சொந்தக்காரர், நீங்கள் இல்லை. அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். வாரை மணிக்கட்டில் சுற்றாதீர்கள்.