செதில் பூச்சிகளைத் தாக்கும் பூஞ்சைகள் எல்லாமே அவற்றைக் கொன்றுவிடுமா?

செடிகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் இந்தச் சிறு பூச்சிகளை எல்லாப் பூஞ்சைகளும் கொல்வதில்லை. உயிரியல் பூச்சிக்கொல்லியாகக் கடைகளில் விற்கப்படும் வெர்டிசிலியம் லெக்கானி போன்றவை பூச்சியின் உடலுக்குள் புகுந்து அதைக் கொன்று, பிணத்தின் மீதே வித்துகளை (பூஞ்சை பெருக உதவும் நுண்துகள்களை) பரப்புகின்றன. ஆனால் செப்டோபேசிடியம் என்னும் பேரினம் தன் இரையை உயிரோடு வைத்திருந்தே உண்கிறது. தாவர நோய்களைப் படித்தவன் என்ற முறையில், நான் அறிந்தவற்றுள் மிகவும் வியப்பூட்டும் பூஞ்சை இதுதான் என்பேன்.

மரக்கிளையின் பட்டை மீது பழுப்பு அல்லது சாம்பல் நிறத்தில், கம்பளித் துணியை ஒட்டவைத்தாற்போல் ஒரு படலமாக இந்தப் பூஞ்சை படர்ந்திருக்கும். கத்தி முனையால் அதன் ஓரத்தை மெல்ல உயர்த்தி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், பட்டையோடு ஒட்டிய அடித்தளமும், அதிலிருந்து எழும் சிறு தூண்களும், அவை தாங்கும் கூரையும், இடையே சுரங்கங்களும் அறைகளும் தெரியும். அந்த அறைகளில், கால்களை இழந்த பெண் செதில் பூச்சிகள் தம் ஊசி போன்ற வாயுறுப்பைப் பட்டைக்குள் செலுத்திச் சாறு உறிஞ்சியபடி அசையாமல் கிடக்கும்.

அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் நத்தானியேல் கௌச் இந்தப் பேரினத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1938இல் ஒரு பெருநூலாகவே வெளியிட்டார். முட்டையிலிருந்து வெளிவரும் இளம் பூச்சிகளுக்குக் கால்கள் உண்டு. அவை படலத்தின் மீது ஊர்ந்து திரியும்போது, ஈரமான காலத்தில் அங்கே உருவாகியிருக்கும் வித்துகள் சில பூச்சிகளின் உடலில் ஒட்டிக்கொள்கின்றன. தொற்றிய பூச்சி ஓரிடத்தில் நிலைகொண்ட பின், அதன் உடலுக்குள் பூஞ்சை இழைகள் சுருள் சுருளாக வளர்ந்து, அதன் இரத்தத்திலிருந்து உணவை எடுத்து, வெளியே உள்ள படலத்துக்கு அனுப்புகின்றன. மரத்தின் சாற்றைப் பூச்சி உறிஞ்ச, பூச்சியைப் பூஞ்சை உறிஞ்சுகிறது. கறவை மாட்டைத் தொழுவத்தில் கட்டிவைத்திருப்பது போன்ற ஏற்பாடுதான் இது. தொற்றிய பூச்சி இறப்பதில்லை, ஆனால் அது இனப்பெருக்கமும் செய்வதில்லை. அதே கூரையின் கீழ், தொற்றாமல் தப்பிய பூச்சிகள் குஞ்சு பொரிக்கின்றன. அந்தக் குஞ்சுகளுள் தொற்றுக்கு உள்ளானவை வேறிடத்துக்கு ஊர்ந்து செல்லும்போது பூஞ்சையும் உடன் செல்கிறது. இப்படி ஒரு பூச்சி சுமந்து செல்லாவிட்டால், புதிய படலம் தோன்றி நிலைப்பதற்கு வழியில்லை.

இதைக் கூட்டுயிர் வாழ்வு, அதாவது இரு தரப்பும் பயன்பெறும் கூட்டு, என்று எழுதுபவர்கள் உண்டு. படலத்தின் தடித்த கூரை பூச்சிகளின் உடலில் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவிகளின் ஊசிக்கு எளிதில் இடம் தராது என்பதால், அதனடியில் வாழும் பூச்சிகள் பாதுகாப்பைப் பெறுவது மெய்தான். எனினும் அந்தப் பாதுகாப்பின் பயன் தொற்றாத பூச்சிகளுக்குப் போய்ச் சேர்கிறது. விலையைக் கொடுப்பதோ சந்ததியே இல்லாமல் போகும் தொற்றிய பூச்சிகள். எனவே தனிப் பூச்சியை வைத்துப் பார்த்தால் இது ஒட்டுண்ணி என்பதிலும், மொத்தக் கூட்டத்தை வைத்துப் பார்த்தால் அது ஒரு காவல் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. (செடிகளில் துரு நோயை உண்டாக்கும் பூஞ்சைகளுக்கு இது உறவு என்பது மற்றொரு வியப்பு, அவை இலையை உண்ண, இது பூச்சியை உண்கிறது.)

இந்தக் கூட்டில் எந்த ஆதாயமும் இல்லாதது மரம் ஒன்றே. தேயிலை, மல்பெரி, பிளம் முதலியவற்றின் கிளைகளில் இப்படலத்தைக் காணலாம். பூஞ்சைக்கு உணவு பூச்சியிடமிருந்தே வருவதால், பூஞ்சைக்கொல்லியை மட்டும் தெளிப்பதைவிட, மிகுதியாகத் தாக்கப்பட்ட கிளைகளை வெட்டி அழித்து, மீதமுள்ள இடங்களில் படலத்தைச் சுரண்டியெடுத்து, கால்கள் உள்ள இளம் பூச்சிகள் நடமாடும் பருவத்தில் செதில் பூச்சிக்கு மருந்து தெளிப்பதே பொருத்தமானது.