‘அவரோட பையனா நீ?’

கேள்வி: என் கணவர் அமெச்சூர் கோல்ஃபில் பேர் வாங்கியவர். பத்தாவது படிக்கும் மகனும் மூன்று வருடமாக ஆடுகிறான். எங்கே போனாலும் “அவரோட பையனா நீ?” என்றுதான் கேட்கிறார்கள். போன மாதம் ஒரு ஜூனியர் போட்டியில் எல்லாக் குழிகளையும் முடிக்க 94 முறை அடித்துவிட்டு (கோல்ஃபில் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது) இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. கோல்ஃபை விடச் சொல்லட்டுமா?
– ஓர் அம்மா, கோட்டூர்புரம்

பதில்: விடச் சொல்லாதீர்கள் அம்மா. நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதில் ஓரிடத்திலும் அவனுக்கு ஆட்டம் பிடிக்கவில்லை என்று இல்லை. ராத்திரி ஹாலில் பாயை விரித்து, எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்து, அதற்குள் பந்து போகிற வரைக்கும் மெல்லத் தட்டித் தட்டி ‘புட்’ அடிக்கிறான் என்றுதான் இருக்கிறது. வெறுத்துப்போன பிள்ளை இதைச் செய்யாது.

94 அடித்தது ஒரு கெட்ட நாள், அவ்வளவுதான். டைகர் உட்ஸ் மகன் சார்லிக்கு 15 வயதில், 2024 பிப்ரவரியில், பிஜிஏ டூர் என்கிற அமெரிக்கத் தொழில்முறைத் தொடரின் ஒரு போட்டிக்கான முதல்கட்டத் தகுதிச் சுற்றில் 86 ஆனது. அதில் ஒரே குழியில் மட்டும் 12 அடி. உலகமே பார்த்தது. அதே வருடம் டிசம்பரில் அப்பாவோடு ஜோடியாக ஆடியபோது ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டான். அடுத்த வருடம் மே மாதம் ஒரு பெரிய ஜூனியர் போட்டியை ஜெயித்தான்.

அந்தக் காலக் கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸின் மகன் கேரி கதை இன்னும் கனமானது. 16 வயதிலேயே ஓர் அமெரிக்கப் பத்திரிகை அவரை அடுத்த நிக்லஸ் என்று அட்டையில் போட்டுவிட்டது. அவர் பிஜிஏ டூருக்கு வந்து சேர்ந்தது 2000-இல், முப்பது வயதைத் தாண்டி. நம் ஊரிலும் மார்கழியில் பார்க்கிறோமே, வித்வானின் பிள்ளை முதல் கீர்த்தனையை முடிப்பதற்குள் சபா கேன்டீனில் “அப்பா மாதிரி வராது” என்று பேச்சு கிளம்பிவிடும். இதையெல்லாம் நாம் நிறுத்த முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உலுக்கிவிட்டது: அடித்ததும் பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல், ஓரமாக நடந்து வரும் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி செய்ய வேண்டியது அதைத்தான்.

அதனால் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், ஆறு மாதத்துக்குப் போட்டி நாளில் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட வேண்டும். கூட நடந்தாலும் அவரால் உதவ முடியாது; ஆட்டத்தின் நடுவே கேடியை, அதாவது பை தூக்கி வரும் உதவியாளரைத் தவிர வேறு யாரிடம் யோசனை கேட்டாலும் இரண்டு அடி அபராதம் என்பது அவருக்கே தெரியும். தப்பாகப் போன பந்தை எப்படி மீட்பது என்று பையன் தனியாக நின்று யோசிக்கட்டும்.

அப்புறம், இருவரும் வாரத்தில் ஒரு நாள் நந்தனம் கோல்ஃப் மைதானத்தில் ஹேண்டிகேப் வைத்து, அதாவது திறமை குறைந்தவருக்குச் சில அடிகள் சலுகை கொடுத்து, ஆடட்டும். அப்பாவுக்கு 5, மகனுக்கு 14 என்று வையுங்கள், வித்தியாசம் 9; மைதானத்தின் மிகக் கடினமான ஒன்பது குழிகளில், குழிக்கு ஒன்றாக, மகனின் கணக்கில் அந்த 9 அடிகளைக் கழித்துவிடுவார்கள். வேறு பெரும்பாலான ஆட்டங்களில் பத்தாவது படிக்கிற பையன் பேர்பெற்ற அப்பாவோடு இப்படிச் சரிசமமாக நிற்க முடியாது, அப்பா விட்டுக்கொடுக்காமலே அவன் ஜெயிக்கலாம். விட்டுக்கொடுக்கவே கூடாது என்று கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பொதுத்தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் போட்டி வேண்டாம், காலையில் ஒரு மணி நேரப் பயிற்சி போதும்.

உங்களுக்கும் ஒன்று. அவன் வீட்டுக்குள் நுழைந்ததும் “எவ்வளவு?” என்று கேட்காதீர்கள். ஷூவைக் கழற்றட்டும், வியர்வையில் ஊறிய கையுறையைக் காயப்போடட்டும். ஸ்கோரை அவனாகச் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் பேசாமல் தோசை ஊற்றுங்கள்.