வாசலில் நிறுத்தப்பட்ட லேப் டெக்னீஷியன்: ஊசிச் சான்று இல்லாவிட்டால் சம்பளம் இல்லையா?

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில் உள்ள தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் பதினோரு ஆண்டுகளாக லேப் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். என் மகள் அதே வளாகத்தில் பி.எஸ்சி. நர்சிங் முதலாம் ஆண்டு படிக்கிறாள். ஊழியர்களும் மாணவர்களும் கோவிட் தடுப்பூசி மூன்று தவணை, ஹெபடைடிஸ் பி மூன்று தவணை போட்டதற்கான சான்றுகளைத் தர வேண்டும் என்று சென்ற மாதம் சுற்றறிக்கை வந்தது. தராத ஊழியருக்கு அனுமதியும் சம்பளமும் இல்லை. மாணவருக்கு ஹால் டிக்கெட் இல்லை. 2021-இல் கோவிட் முதல் ஊசி போட்ட அரை மணி நேரத்தில் எனக்கு உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தேன். அதன் பிறகு போட்டுக்கொள்ளவில்லை. வேலையில் சேர்ந்தபோது போட்ட ஹெபடைடிஸ் பி ஊசிக்கான சீட்டு தொலைந்துவிட்டது. ஊசி போடாதவர்கள் பட்டியலைத் தகவல் பலகையில் ஒட்டி, என் பெயரைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருக்கிறார்கள். ஒன்பது நாட்களாகக் காவலாளி வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார். மகளுக்கு ஹெபடைடிஸ் ஊசி போடக் கல்லூரி 1,500 ரூபாய் கேட்கிறது, அவளோ பயப்படுகிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் அனுப்பிய தாள்களை இரண்டு முறை படித்தேன். சுற்றறிக்கையின் இரண்டாவது பத்தி "கட்டாயம்" என்கிறது. அதோடு பின் அடித்திருக்கும் ஒப்புதல் படிவமோ "எவருடைய வற்புறுத்தலும் இன்றி, என் சொந்த விருப்பத்தின் பேரில்" என்று தொடங்குகிறது. இரண்டிலும் ஒரே தேதி, ஒரே பதிவாளரின் கையெழுத்து. எழுதியவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. வழக்கு என்று வந்தால் நீதிபதி முன் நான் முதலில் நீட்டுவது இந்த இரண்டு தாள்களைத்தான். பின்னை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.

கோவிட் ஊசியையும் ஹெபடைடிஸ் ஊசியையும் ஒரே முடிச்சில் போட்டது நிர்வாகத்தின் தவறு. எதிர்க்கும்போது நீங்களும் அதே தவறைச் செய்துவிடக் கூடாது. இரண்டுக்கும் சட்டத்தில் இருக்கும் இடம் வேறு வேறு.

முதலில் கோவிட். அரசியலமைப்பு, அடிப்படை உரிமை எல்லாம் பிறகு வரட்டும். உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் 2021-ஆம் ஆண்டு டிஸ்சார்ஜ் சம்மரி. தடுப்பூசி இயக்கம் 2021 ஜனவரியில் தொடங்கியபோதே, முந்தைய தவணையில் கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்கு அடுத்த தவணை போடக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. அதாவது, போட்டுக்கொள்ளாதே என்று அரசு சொன்னதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள். அதற்குத்தான் உங்களை வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு பொது மருத்துவரிடமோ ஒவ்வாமை மருத்துவரிடமோ அந்தச் சம்மரியைக் காட்டி, "மேல் தவணை மருத்துவக் காரணத்தால் பொருந்தாது" என்று தேதி, முத்திரையுடன் சான்று வாங்குங்கள். முடிந்தால் அரசு மருத்துவமனையில் வாங்குங்கள். தனியார் மருத்துவர் சான்றும் செல்லும். ஆனால் அரசு முத்திரை இருந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குப் பேச ஒரு பத்தி குறையும்.

அதன் பிறகுதான் தீர்ப்புகள். ஜேக்கப் புலியேல் எதிர் இந்திய ஒன்றியம் என்ற வழக்கில், 2022 மே 2-ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் நாகேஸ்வர ராவ், கவாய் அமர்வு சொன்னது இது: அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உரிமையில் தன் உடல் மீதான உரிமையும் அடங்கும், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது. பொது நலனுக்காக ஊசி போடாதவர்கள் மீது அரசு கட்டுப்பாடு விதிக்கலாம். ஆனால் அதற்குச் சட்டத்தின் துணை இருக்க வேண்டும், நியாயமான தேவை இருக்க வேண்டும், அளவுக்கு மீறாமலும் இருக்க வேண்டும். 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமை வழக்கில் வகுத்த அளவுகோல்தான் இது. ஊசி போட்டவரைவிடப் போடாதவரால் அதிகம் தொற்று பரவுகிறது என்று காட்டும் தரவு எதையும் அரசுகள் முன்வைக்கவில்லை என்பதால், அப்போதைய கட்டாய உத்தரவுகள் அந்த அளவுகோலில் தேறவில்லை என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு "சுப்ரீம் கோர்ட்டே தடுப்பூசி வேண்டாம் என்று சொல்லிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்களை நம்ப வேண்டாம். அரசின் தடுப்பூசிக் கொள்கை தவறு என்று நீதிமன்றம் சொல்லவே இல்லை. கட்டாய உத்தரவுகளை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று தனியார் அமைப்புகளையும் கல்வி நிறுவனங்களையும் சேர்த்துச் சொன்னதும் யோசனையாகத்தான், ஆணையாக அல்ல. அன்றைய தொற்று நிலவரத்துக்கு மட்டும் பொருந்தும் என்றும் எழுதி வைத்தார்கள். எதிர்த்தரப்பு இந்த இரண்டையும் கட்டாயம் எடுத்துச் சொல்லும். நம் பதில் எளிது. தொற்று குறைந்துவிட்டது என்ற அன்றைய நிலையிலேயே இந்தக் கட்டுப்பாடு கூடாது என்றால், உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதமே அவசர நிலை முடிந்தது என்று அறிவித்த பிறகு இது எப்படிக் கூடும்?

சட்டத்தின் துணை என்ற முதல் படியிலேயே உங்கள் பல்கலைக்கழகம் தடுக்கி விழுகிறது. 2021 நவம்பரில் பொது இடங்களுக்கு ஊசி போட்டவர்கள் மட்டுமே வரலாம் என்று தமிழ்நாட்டில் உத்தரவு போட்டபோது, 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தையாவது காட்டினார்கள். உங்கள் சுற்றறிக்கையில் "உயர்மட்டக் குழுவின் முடிவுப்படி" என்பதைத் தவிர ஒரு சட்டத்தின் பெயரும் இல்லை. குழு எத்தனை உயரத்தில் உட்கார்ந்திருந்தாலும் அது சட்டமன்றம் ஆகிவிடாது.

தனியார் நிறுவனத்தின் மேல் அடிப்படை உரிமையைக் கோர முடியுமா என்று உங்கள் உறவினர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. 21-ஆம் பிரிவு உரிமையைத் தனியாருக்கு எதிராகவும் கோரலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாகச் சொன்னது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் மீது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது உரிமை மீறலுக்கு நேரடியாக நீதிமன்றத்தின் ஆணை கேட்கும் மனு, போடலாம் என்பதும் 2015-இலேயே முடிவாகிவிட்டது. வேலையை இழந்த ஒரு விரிவுரையாளர் சென்னை உயர் நீதிமன்றத்தில் தோற்று, டெல்லி வரை போய் வாங்கிய தீர்ப்பு அது. ஆனால் ஒரு கண்ணியும் உண்டு. 2022-இல் வந்த மற்றொரு தீர்ப்பு, தனியார் கல்வி நிறுவனத்தின் ஆசிரியரல்லாத ஊழியர், வெறும் பணி ஒப்பந்தச் சண்டைக்கு ரிட் மனு போட முடியாது என்கிறது. நீங்களும் ஆசிரியரல்லாத ஊழியர்தான். ஆகவே மனுவின் தலைப்பிலேயே "என் சம்பளத்தைக் கொடு" என்று ஆரம்பிக்கும் வழக்கறிஞரை நம்பாதீர்கள். எல்லா ஊழியர், மாணவர் உடலையும் தொடும் அந்தச் சுற்றறிக்கையையே எதிர்க்க வேண்டும். சம்பளம் அதன் பின்னால் வர வேண்டும். வரிசை மாறினால் மனு வாசற்படியிலேயே நின்றுவிடும்.

இனி ஹெபடைடிஸ் பி. இங்கே நான் உங்கள் பக்கம் முழுதாக நிற்க மாட்டேன். ரத்த மாதிரியும் ஊசி முனையும் புழங்கும் இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஊசி தேவை. அதற்குச் சட்டமும் இருக்கிறது. உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016-இன் நான்காவது விதி, கழிவைக் கையாளும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்ட நோய்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்கிறது. வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது.

அந்த விதி யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று கவனியுங்கள். மருத்துவமனையை நடத்துகிறவரைப் பார்த்து. ஊசி போட வைப்பது அவர் கடமை என்கிறதே தவிர, போட்டுக்கொள்ளாத தொழிலாளியின் சம்பளத்தைப் பிடி என்று எங்கும் சொல்லவில்லை. நர்சிங் கல்லூரிகளுக்கான இந்திய நர்சிங் கவுன்சிலின் வழிகாட்டுதலும் மாணவிகளுக்கு ஆண்டுப் பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் கல்லூரிதான் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. ஆக, தன் கடமையைச் செய்வதற்கு உங்கள் மகளிடம் 1,500 ரூபாய் கேட்கிறது கல்லூரி. எந்த விதியின் கீழ் இந்தக் கட்டணம் என்று எழுத்தில் கேளுங்கள். பணம் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் ரசீது வாங்காமல் கட்டாதீர்கள்.

உங்கள் சான்று தொலைந்ததற்கு மறுபடி மூன்று ஊசி குத்திக்கொள்ள வேண்டியதில்லை. டைட்டர், அதாவது ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருளின் அளவு, பார்த்தால் போதும். ஆன்டி-ஹெச்பிஎஸ் அளவு பத்துக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது என்று பொருள். லேப் டெக்னீஷியனுக்கு இதை ஒரு வக்கீல் சொல்லிக்கொண்டிருப்பது கொஞ்சம் அதிகம்தான்! ஆனால் உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பார்க்காதீர்கள், வெளியே பாருங்கள். மகளுக்கும் வீட்டில் பழைய தடுப்பூசி அட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். பீரோவில் ஜாதகத்தோடு சேர்த்து மடித்து வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். குழந்தையில் போட்டது பதிவாகியிருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். பதிவு இல்லை என்றால், அவள் போட்டுக்கொள்வதே நல்லது. வார்டில் ஊசி குத்தப் பழகப்போகிற பெண் அவள். உங்களுக்கு வந்த ஒவ்வாமை வேறொரு ஊசியால் வந்தது. பயத்தை மருத்துவரிடம் கொட்டித் தீர்க்கட்டும்.

ஆனால் மூன்று தவணை முடிய ஆறு மாதம் ஆகும். முதல் தவணை, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. தேர்வோ அதற்கு முன்பே வருகிறது. "மூன்றும் முடித்த சான்று இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை" என்பது நடக்க முடியாத நிபந்தனை. தேர்வு எழுதும் தகுதியைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்ட விதிமுறைகள்தான் வகுக்கும். அதில் இல்லாத ஒன்றைச் சுற்றறிக்கையால் நுழைக்க முடியாது. ஊசி முடியும் வரை ஆபத்தான வார்டுகளில் அவளைப் போடாமல் இருந்தால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படி இழக்கும் செய்முறை நேரத்தைப் பிறகு ஈடுகட்டித் தருவோம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நர்சிங்கில் செய்முறை வருகை நூறு சதவீதம் இல்லாமல் பட்டம் கிடைக்காது.

மகள் முதலில் மாணவர் குறைதீர்க்கும் குழுவுக்கு எழுதட்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) 2023 ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் அந்தக் குழு இருக்க வேண்டும். அதன் முடிவு திருப்தி இல்லை என்றால் பதினைந்து நாட்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். தேர்வு நெருங்கிவிட்டால் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். நேராக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

உங்கள் சம்பளத்துக்கு வருகிறேன். "வேலை இல்லையேல் கூலி இல்லை" என்பது வேலைக்கு வராதவருக்குச் சொன்னது. வரத் தயாராக இருப்பவரை நிறுத்தி வைத்துவிட்டு அதைச் சொல்ல முடியாது. 1991-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. அதனால் ஒன்பதாவது நாளோடு சோர்ந்துவிடாதீர்கள். தினமும் ஷிப்ட் நேரத்துக்கு அடையாள அட்டையோடு வாசலுக்குப் போங்கள். காவலாளியிடம் சண்டை போடாதீர்கள், அவரும் உங்களைப் போல மாதச் சம்பளக்காரர். பதிவேட்டில் நேரம் போட்டுக் கையெழுத்திட முடியுமா என்று கேளுங்கள். விடவில்லை என்றால் வாசலில் நின்றபடியே கைபேசியில் பதிவாளருக்கு ஒரு மின்னஞ்சல்: "இன்று காலை 7.50-க்கு வந்தேன், அனுமதிக்கப்படவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்." நாளுக்கு ஒன்று. முப்பது மின்னஞ்சல் சேர்ந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

தகவல் பலகையில் இருக்கும் பட்டியலை இன்றே யாராவது ஒரு சக ஊழியரை விட்டுப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பதிவாளருக்கு நம் கடிதம் போன மறுநாளே அது கிழிக்கப்பட்டுவிடும். ஒருவரின் மருத்துவ விவரத்தை ஊருக்குக் காட்டுவது அந்தரங்க உரிமையில் கை வைப்பது. சிவப்பு மை அதற்கு மேல் ஓர் அவமானம். இதைத் தனிக் குறையாக எழுதுங்கள், மற்றவற்றோடு கலக்காதீர்கள்.

இந்த வாரமே பதிவாளருக்கு ஒரு கடிதம் போக வேண்டும். மருத்துவச் சான்றையும் டைட்டர் முடிவையும் இணைத்து, எந்தச் சட்டத்தின் கீழ் இந்தச் சுற்றறிக்கை என்று கேட்டு, எனக்கு விலக்கு அளித்துப் பணிக்கு அனுமதியுங்கள் என்று பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள். ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட விவகாரங்களில் பாதி இந்தக் கடிதத்தோடு முடிந்துவிடும். சட்டப் பிரிவைக் கேட்டால் நிர்வாகம் தன் வழக்கறிஞரிடம் ஓடும். அவர் படித்துப் பார்த்துவிட்டு "விட்டுவிடுங்கள்" என்பார்.

அந்த ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் குடி முழுகிவிடவில்லை. மேலிடத்தில் இருப்பவர் தன் பிடியைப் பயன்படுத்தி வாங்கிய சம்மதத்தை ரத்து செய்துகொள்ள 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 16, 19-அ பிரிவுகள் வழி வைத்திருக்கின்றன. ஹெபடைடிஸ் ஊசிக்கு மகள் படிவம் கொடுக்க வேண்டியிருந்தால், "சொந்த விருப்பத்தின் பேரில்" என்ற வரியை அடித்துவிட்டு, "சுற்றறிக்கை எண், தேதியின்படி" என்று மேலே எழுதிச் சுருக்கொப்பம் இடட்டும்; நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்காவிட்டால் அந்தக் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும்.