ஸ்வேயா 123ஆர்: தீ மஞ்சளாகவே எழுகிறது, நீலமாவதில்லை

உங்கள் ஸ்வேயா 123ஆர் முகாம் அடுப்பில் தீ உயரமாக மஞ்சளாகவே எரிகிறது, பாத்திரத்தில் கரி ஒட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். முன்சூடு, அதாவது பற்றவைக்கும் முன் அடுப்பின் தண்டைச் சூடாக்குவது, போதவில்லை. எரிபொருளைத் திறந்து மூடும் சாவியைச் சீக்கிரமே திறந்துவிடுகிறீர்கள். அந்த மஞ்சள் தீயும் கரியும் அதைத்தான் காட்டுகின்றன: எரிபொருள் ஆவியாகாமல் திரவமாகவே வெளியே வந்து எரிகிறது. இந்த அடுப்பில் பம்ப் கிடையாது; சூடுதான் டேங்கில் அழுத்தத்தை உண்டாக்க வேண்டும்.

இப்படிச் செய்து பாருங்கள்:

1. டேங்கை முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். மேலே காற்றுக்கு இடம் வேண்டும்.

2. சாவியை இறுக மூடிவிட்டு, பித்தளைத் தண்டின் அடியில் உள்ள குழியில் கொஞ்சம் எரிபொருள் விட்டுப் பற்றவையுங்கள். காற்று படாமல் மறைப்பு வையுங்கள். நான் எரிபொருளுக்குப் பதில் ஸ்பிரிட்தான் விடுவேன், கரியே பிடிக்காது.

3. தீ சுருங்கி, அணையப் போகும் அந்தக் கடைசி நொடிகளில் சாவியைக் கால் சுற்று திறங்கள். முதலில் துப்பித் துப்பி எரியும், பிறகு 'உர்ர்' என்று ஒரே சீராக இரையும். அந்தச் சத்தம் வந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

அப்படியும் மஞ்சள் போகவில்லையா? ஜெட் (எரிபொருள் ஆவி வெளிவரும் நுண்துளை) அடைத்திருக்கலாம். அடுப்பை அணைத்து ஆறவிட்டு, சாவியை இடப்பக்கமாகக் கடைசிவரை திருப்புங்கள். உள்ளிருக்கும் ஊசி மேலே வந்து துளையைக் குத்திவிடும். பிறகு மறக்காமல் மூடுங்கள்.

மண்ணெண்ணெய் இதற்கு ஆகாது, ஒயிட் கேஸ் (பெட்ரோல் போன்ற, சுத்திகரித்த திரவ எரிபொருள்) மட்டும்தான். எரியும்போது டேங்கை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே அணைத்துவிடுங்கள். மூடியிலுள்ள பாதுகாப்பு வால்வு திறந்தால் தீ பக்கவாட்டில் பீய்ச்சும். கூடாரத்துக்குள் மட்டும் பற்றவைக்கவே வேண்டாம்.